கேட் பாஸ் கேட்காத வாசல்

"ஃபயர்வால் போட்டாச்சுங்க." நடுத்தர நிறுவனங்களில் நெட்வொர்க் பாதுகாப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும். முதலாளி சொல்வார், ஐடி பையன் தலையாட்டுவான், பெட்டியை விற்றவர் ஏஎம்சி தாளை நீட்டுவார். அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது என்று கேட்டால், வெளியே இருந்து ஒருவனும் உள்ளே வர முடியாது என்பார்கள். உள்ளே இருந்து வெளியே போவதை? "அது நம்ம சிஸ்டம்தானே சார், அதை எதுக்குத் தடுக்கணும்?"

விவரம் தெரியாதவர்களின் பதில் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சான்றிதழ்களை மாட்டிவைத்திருக்கும் பொறியாளர்களும், கிளவுட் விற்கும் உலகப் பெரும் கம்பெனிகளும்கூட ஏதோ ஒரு வடிவில் இதையே நம்புகிறார்கள். ஆபத்து வெளியே இருக்கிறது, வருவதைத் தடு, போவதை விடு. நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. ஒரு தொழில் நிறுவனத்தின் ஃபயர்வாலில் இன்றைக்கு அதிகக் கவனத்தோடு எழுத வேண்டியவை வெளியே போகும் இணைப்புகளுக்கான விதிகள். வருவதற்கான விதிகளைப் பெட்டியே பாதிக்கு மேல் எழுதிக்கொண்டுதான் பிறக்கிறது. போவதற்கான விதிகளை நாம் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதுவதில்லை.

நிர்வாகத் திரையைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். விதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். எங்கிருந்து, எங்கே, எந்தச் சேவை, அனுமதியா மறுப்பா என்று நாலு கட்டங்கள். பெட்டி மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும்; முதலில் பொருந்துகிற விதியோடு நின்றுவிடும். எதிலும் பொருந்தாவிட்டால் மறுப்பு. அழகான ஏற்பாடு. ஆனால் கிட்டத்தட்ட எல்லாச் சிறு அலுவலகங்களிலும் அந்தப் பட்டியலில் ஒரு வரி உட்கார்ந்திருக்கும்: லேனில் இருந்து வெளியே, எனி, எனி, அலோ. அதாவது உள் நெட்வொர்க்கில் இருந்து எங்கே வேண்டுமானாலும், எந்தச் சேவையிலும் போகலாம். அந்த வரி வந்த பிறகு அதன் கீழே போகிறவற்றைத் தடுக்க எழுதிய எதற்கும் வேலையில்லை. பிஎஃப்சென்ஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவினாலும் முதல் நாளே லேன் பக்கம் இந்த வரி இருக்கும். அமேசானின் கிளவுடில் புதிதாக ஒரு செக்யூரிட்டி குரூப் உருவாக்கிப் பாருங்கள்: உள்ளே வருவது முழுக்க மூடியிருக்கும், வெளியே போவது முழுக்கத் திறந்திருக்கும். மைக்ரோசாஃப்டின் அஷூரிலும் முன்னிருப்பு விதி அப்படித்தான். பழைய நம்பிக்கை புதிய இடத்துக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் நியாயமாகவே இருந்தது. தாக்குபவன் வெளியே இருந்து கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்த காலம் அது. 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் என்ற புழு வெறும் 376 பைட்தான். மைக்ரோசாஃப்டின் தரவுத்தள சர்வர்கள் கேட்டுக்கொண்டிருந்த 1434 என்ற யுடிபி போர்ட்டைத் தேடி வந்தது. பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இயந்திரங்களில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. அந்த ஒரு போர்ட்டை வெளியில் இருந்து மூடிவைத்தவர்கள் தப்பித்தார்கள்.

எல்லோரும் தப்பவில்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்திலும் ஃபயர்வால் இருந்தது. அந்தப் போர்ட்டை மூடியும் வைத்திருந்தது. புழு ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்குப் போட்டிருந்த தனி லைன் வழியாக, ஃபயர்வாலைத் தொடாமல் உள்ளே போனது. உள்ளே போனபின் தடுக்க எதுவுமில்லை. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செயலிழந்து கிடந்தது. நல்லவேளையாக அணு உலை அப்போது பழுதுபார்ப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வாசலில் நிற்பவனை மட்டும் நம்பியதற்கான தண்டனை அன்றே கிடைத்தாயிற்று, படித்துக்கொண்டவர்கள் குறைவு.

இன்றைக்குத் தாக்குதல் நடக்கும் விதமே வேறு. தட்டுவதில்லை, கூப்பிடச் செய்கிறார்கள். வேலை கேட்டு ஒரு மின்னஞ்சல், பில் என்று ஓர் இணைப்பு, அல்லது நாமே நம்பி இறக்கிய ஓர் அப்டேட். ஊழியர் திறக்கிறார். உள்ளே வந்த சின்ன நிரல், உள்ளே இருந்தபடியே வெளியே உள்ள தன் எஜமானனைக் கூப்பிடுகிறது. ஃபயர்வால் பார்க்கிறது: லேனில் இருந்து வெளியே, எனி, எனி, அலோ. விடுகிறது. அப்படிப் போன இணைப்புக்கு வரும் பதிலை, உள்ளே இருந்து கேட்டதற்கான பதில் என்று பெட்டியே நினைவில் வைத்திருந்து உள்ளே அனுமதிக்கிறது. அப்படி நினைவில் வைப்பதுதான் நவீன ஃபயர்வாலின் பெருமை. ஆக, தாக்குபவனின் கட்டளைகள் அத்தனையும் பதில் என்ற பெயரில் உள்ளே வருகின்றன. உள்வரும் விதிகள் ஒன்றுகூட மீறப்படவில்லை. ஆவணப்படி எல்லாம் சரி.

ஃபயர்வால் விற்பவர்களுக்குப் பிடித்த கதை பங்களாதேஷ் மத்திய வங்கி. 2016 பிப்ரவரியில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த அதன் கணக்கில் இருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரை மாற்றச் சொல்லிப் போலி உத்தரவுகள் போயின. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழை உறுத்தியதால் மீண்டது. பிறகு நடந்த விசாரணையில், வங்கியில் ஃபயர்வாலே இல்லை, பத்து டாலர் பெறுமான பழைய ஸ்விட்சுகள்தான் இருந்தன என்று செய்தி வந்தது. "பாருங்க சார், ஃபயர்வால் இல்லாம எண்பத்தோரு மில்லியன் போச்சு" என்று அதை வைத்து எத்தனை பெட்டிகள் விற்றிருக்கும்! ஆனால் அமெரிக்க நீதித்துறை 2018இல் வெளியிட்ட குற்றப் புகாரைப் படித்தால், ஆரம்பம் வேலை தேடுபவர் போல எழுதப்பட்ட மின்னஞ்சல்கள். மின்னஞ்சலை எந்த ஃபயர்வாலும் வாசலில் மறிக்கப்போவதில்லை. வருவதை மட்டும் தடுத்து, போவதற்கு எனி எனி அலோ போட்ட ஒரு விலை உயர்ந்த பெட்டி அங்கே இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? வங்கிகளுக்கிடையே பண உத்தரவுகளை அனுப்பும் ஸ்விஃப்ட் இயந்திரங்களை மற்ற நெட்வொர்க்கில் இருந்து பிரித்து, அவை எங்கெங்கே பேசலாம் என்று எழுதிவைத்திருந்தால் மாறியிருக்கலாம். மலிவு ஸ்விட்ச் பற்றிய புகாரின் சாரமும் அதுதான்: பிரித்துவைக்க வழியில்லாமல் போனது. விற்பனைக் கதையில் அந்தப் பகுதி வருவதில்லை.

எனக்குக் கிடைத்த சாட்சிகளிலேயே வலுவானது சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் கதை. ஓரியான் என்ற அவர்களின் நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே, நிறுவனத்தின் சொந்த டிஜிட்டல் கையெழுத்தோடு, ஒரு பின்கதவு வைக்கப்பட்டது. 2020 வசந்தகாலத்தில் இருந்து ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதை இறக்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்க அரசின் ஒன்பது துறைகளும் சுமார் நூறு நிறுவனங்களும் அடுத்த கட்டத் தாக்குதலுக்கு ஆளானதாக வெள்ளை மாளிகை பிறகு சொன்னது. இதற்கு எதிராக உள்வரும் விதி எது உதவியிருக்கும்? எதுவுமில்லை. கையெழுத்திட்ட அப்டேட்; ஆன்டிவைரஸ் முறைத்துப் பார்க்கவும் இல்லை. உள்ளே வந்ததும் அந்த நிரல் இரண்டு வாரம் வரை சும்மா தூங்கியது. பிறகு எழுந்து வெளியே கூப்பிட்டது.

அமெரிக்க செனட்டர் ரான் வைடன் ஒரு நேரடிக் கேள்வி கேட்டார்: அந்த சர்வர்களில் இருந்து வெளியே போவதை ஃபயர்வாலில் தடுத்து வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனமான சிசாவின் அப்போதைய பொறுப்புத் தலைவர் பிராண்டன் வேல்ஸ் 2021 ஜூனில் பதில் எழுதினார். ஓரியான் சர்வரில் இருந்து வெளியே போகும் இணைப்புகள் எல்லாவற்றையும் தடுத்திருந்தால் அந்த நிரல் செயலற்றுப் போயிருக்கும் என்று ஒப்புக்கொண்டார். அப்படிச் செய்து வைத்திருந்த நெட்வொர்க்குகளை நேரிலேயே கண்டதாகவும், அங்கே நிரல் கூப்பிட முயன்று தோற்றதாகவும், தாக்குதல் அதற்கு மேல் நகரவில்லை என்றும் எழுதினார். உலகின் மிகத் திறமையான உளவுக் குழுக்களில் ஒன்று மாதக்கணக்கில் உழைத்துச் செய்த வேலையை, யாரோ ஓர் அலுவலகத்தின் பொறியாளர் எப்போதோ எழுதிவைத்த ஒரு வரி முடக்கியிருக்கிறது.

அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது: செயல்பாட்டுத் தேவைகள் காரணமாகச் சில துறைகளில் இது நடைமுறைக்கு ஒத்துவராது. பொதுக் கருத்தின் ஆதரவாளர்கள் இந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நடைமுறை வாதத்துக்குப் பிறகு வருகிறேன். ஆனால் நெட்வொர்க்கைக் கண்காணிப்பதற்கென்றே ஒரு சர்வர், நிறுவனத்தின் எல்லாச் சாவிகளையும் கையில் வைத்திருக்கும் சர்வர், இணையத்தில் எந்த முகவரிக்கு வேண்டுமானாலும் போகலாம் என்பதற்கு என்ன செயல்பாட்டுத் தேவை? அப்டேட் வேண்டுமென்றால் அப்டேட் தரும் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாமே.

2021 டிசம்பரில் லாக்4ஜே வந்தது. ஜாவாவில் எழுதிய ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்குள் ஒளிந்திருந்த ஒரு பதிவெழுதும் கருவியில் ஓட்டை. தீவிர அளவுகோலில் பத்துக்குப் பத்து. தாக்குபவன் தேடல் பெட்டியிலோ பயனர் பெயரிலோ ஒரு விசித்திரமான சரத்தைத் தட்டுவான். சர்வர் அதை லாகில் எழுதப்போகும். எழுதும்போதே அந்தச் சரத்தில் உள்ள முகவரிக்குப் போய், அங்கே இருக்கும் நிரலை வாங்கிவந்து இயக்கும். எது வெளியே போனது என்று கவனியுங்கள். உங்கள் இணையதள சர்வர்தான். வாடிக்கையாளர்கள் வர வேண்டுமென்றே வைத்த சர்வர் அது. வருவதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் ஓர் இணையதள சர்வர் தானாக எழுந்து முன்பின் தெரியாத முகவரிக்குப் போவதற்கு எந்த நியாயமும் இல்லை. போவதை மூடியிருந்த இடங்களில் நிரலை வாங்கிவரும் கட்டம் அங்கேயே அறுந்தது. பேட்ச் போட வேண்டியதில்லை என்று சொல்லவில்லை. பேட்ச் போடும்வரை மூச்சுவிட நேரம் கிடைத்தது.

கோவை, திருப்பூர் பக்கம் எந்த மில்லுக்கு வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். உள்ளே வருகிற லாரியை வாட்ச்மேன் ஒரு பார்வை பார்ப்பார். வெளியே போகிற லாரியை கேட் பாஸ், டெலிவரி சலான், ஸ்டோர் கையெழுத்து மூன்றும் பார்க்காமல் விடமாட்டார். பழுதுக்குப் போகும் மோட்டாருக்குக்கூடத் திரும்பி வர வேண்டும் என்று தனிச்சீட்டு உண்டு. பொருள் களவு போவது வெளியே போகும்போதுதான் என்று தலைமுறையாகத் தெரிந்த முதலாளிகள் இவர்கள். இதே முதலாளியின் பேட்டர்ன்கள், வாடிக்கையாளர் விலைப்பட்டியல், ஊழியர் ஆதார் நகல்கள் எல்லாம் உள்ள சர்வரில் இருந்து எந்த நேரத்திலும் எந்த நாட்டுக்கும் எவ்வளவும் போகலாம். ஒரு சீட்டும் வேண்டாம்.

2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் ஏறக்குறைய 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் திருடு போனது. குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்ததாரரின் கடவுச்சொல் மூலம் உள்ளே நுழைந்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நுழைந்தது கதையின் பாதி. பில் போடும் இயந்திரங்களில் இருந்து திரட்டிய தரவு உள்ளுக்குள்ளேயே ஓரிடத்தில் சேர்ந்து, பிறகு எஃப்டிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் முறை வழியாக வெளியே போனது. எஃப்டிபி! சில்லறை விற்பனைக் கடையின் உள் சர்வருக்கு முன்பின் அறியாத ஓர் இடத்துக்கு எஃப்டிபி எதற்கு? இத்தனைக்கும் அட்டை நிறுவனங்கள் வகுத்த பாதுகாப்பு விதித்தொகுப்பில் அட்டைத் தரவு உள்ள பகுதியில் இருந்து அனுமதியில்லாமல் எதுவும் இணையத்துக்குப் போகக்கூடாது என்று நிபந்தனை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபயர்வால் விதிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2009இல் வெளியிட்ட ஃபயர்வால் வழிகாட்டியும் வருவது, போவது இரண்டையுமே முதலில் தடு, தேவையானதை மட்டும் திற என்கிறது. நான் ஒன்றும் புதுமை பேசவில்லை. எழுதி வைத்ததை எல்லோரும் ஒரு பக்கம் மட்டும் படிக்கிறார்கள்.

இனி எதிர்வாதங்கள்.

முதலாவது, எல்லோரும் சொல்வது: வேலை நின்றுபோகும். இதில் உண்மை இருக்கிறது. போவதைத் தடுத்த முதல் வாரம் ஐடி ஆளின் கைபேசி ஓயாது. ஜிஎஸ்டி தளம் திறக்கவில்லை, வங்கி தளத்தில் ஓடிபி பக்கம் பாதியில் நிற்கிறது, சேல்ஸ் மேனேஜரின் வீடியோ மீட்டிங் வரவில்லை. மூன்றாம் நாள் முதலாளி, "அந்த ரூலை எடுத்து விட்ருப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். அந்த அப்புறம் வருவதில்லை. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, போவதைக் கட்டுப்படுத்துவது புத்தகத்தில் மட்டும்தான் நடக்கும் என்று முடிவுகட்டுகிறார்கள்.

தவறு எங்கே என்றால், மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் கணினிகளில் இருந்து ஆரம்பித்ததில். மனிதர்கள் எங்கே போவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சர்வர் எங்கே போகும் என்று சொல்ல முடியும். கணக்குப் பிரிவின் டாலி சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமச் சோதனை, இ-இன்வாய்ஸ், விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் அப்டேட், பேக்கப் போகும் இடம், நேரம் பார்க்கும் சர்வர். அரைத் தாளில் அடங்கிவிடும். பயோமெட்ரிக் வருகைப் பதிவு இயந்திரத்துக்கு அதுவும் வேண்டாம். பிரின்டருக்கு ஒன்றுமே வேண்டாம். கேமராக்களின் டிவிஆருக்கும் வேண்டாம்; முதலாளி வீட்டில் இருந்து பார்க்க விரும்பினால் விபிஎன் வழியாக வந்து பார்க்கட்டும். 2016இல் மிராய் என்ற நிரல் இதே டிவிஆர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் ஏவி அமெரிக்காவில் பல பெரிய தளங்களைத் திணறடித்தது. அதில் சேர்ந்த டிவிஆர் எதற்கும் தான் யாரைத் தாக்குகிறோம் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வெளியே போகவே அனுமதி இல்லாவிட்டால் போதும்.

ஆக, திருட வேண்டிய பொருள் எந்த இயந்திரங்களில் இருக்கிறதோ அங்கேதான் போவதைக் கட்டுப்படுத்துவது மிக எளிது. எளிதான இடமும் அவசியமான இடமும் ஒன்றாக அமைவது பாதுகாப்புத் துறையில் அபூர்வம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, சேல்ஸ் மேனேஜரின் வீடியோ மீட்டிங்கைக் காரணம் காட்டுகிறோம்.

செய்யும் விதமும் ஒன்றும் ரகசியம் இல்லை. சர்வர்களையும் கேமராக்களையும் ஊழியர் கணினிகளையும் தனித்தனி வீலானில், அதாவது தனித்தனி உள் நெட்வொர்க்கில், பிரியுங்கள். சர்வர் வீலானுக்கு இருக்கும் எனி எனி அலோவை உடனே எடுக்க வேண்டாம். அதில் லாக் மட்டும் ஆன் செய்யுங்கள். மாதக் கடைசி கணக்கு முடிப்பு, சம்பளப் பட்டுவாடா, ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் ஒருமுறை கடந்து போகட்டும். பிறகு லாகைப் படியுங்கள். எங்கே போனது, எதற்கு என்று தெரிந்தவற்றுக்கு ஒவ்வொரு வரி, பக்கத்தில் யார் கேட்டார்கள், எதற்காக என்ற குறிப்பு. தெரியாதவற்றை விசாரியுங்கள். விசாரணையிலேயே பல வேடிக்கைகள் வெளிப்படும்: எப்போதோ வேலையை விட்டுப்போனவர் போட்டுவைத்த ரிமோட் மென்பொருள் இன்னும் வெளியே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு எனி எனி அலோவை எடுத்துவிட்டு மறுப்பு வரியைப் போடுங்கள், லாகோடு.

ஊழியர் கணினிகளையும் அப்படியே விட வேண்டும் என்றில்லை. எங்கேயும் போகட்டும், ஆனால் எதில் போகலாம் என்பதைச் சுருக்கலாம். 445 என்ற போர்ட் அலுவலகத்துக்குள் கோப்புகளைப் பகிர்வதற்கானது. அது இணையத்துக்குப் போக எந்தக் காரணமும் இல்லை. 2023 மார்ச்சில் அவுட்லுக்கில் ஓர் ஓட்டை அம்பலமானது: மின்னஞ்சலைத் திறக்கக்கூட வேண்டாம், வந்து சேர்ந்தாலே போதும், பயனரின் கடவுச்சொல் சார்ந்த அடையாளத்தை அவுட்லுக்கே தாக்குபவனின் சர்வருக்கு அனுப்பிவிடும். 445 வழியாகத்தான். வெளியே போகும் 445ஐ மூடுங்கள் என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. எனி எனி அலோ வைத்திருந்தவர்கள் அன்று இரவு அவசரமாக எழுதிய அந்த வரியை, பல வருடம் முன்பே எந்தப் பயனருக்கும் தொந்தரவில்லாமல் எழுதியிருக்கலாம். 25ஆம் போர்ட்டும் அப்படித்தான். மெயில் சர்வரைத் தவிர மற்ற கணினிகளுக்கு அதில் என்ன வேலை?

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் கூர்மையானது. இன்று எல்லாமே இணையதளங்கள் பயன்படுத்தும் 443ஆம் போர்ட்டில், மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. தாக்குபவனும் அதிலேயே போவான். போர்ட்டை மூடி என்ன பயன் என்பது. ஊழியர் கணினிகளைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் பலம் உண்டு. உள்ளே என்ன போகிறது என்று பிரித்துப் பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. அவை பராமரிப்பு கேட்பவை. 2017இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் அப்படி ஒரு கருவி இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதம் ஆகியும் யாரும் மாற்றவில்லை. கருவி குருடாக நின்றது. 76 நாள் தாக்குபவர்கள் உள்ளே இருந்தார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட தரவுத்தளங்களில் சுமார் 9,000 முறை தேடினார்கள். சான்றிதழைப் புதுப்பித்த அன்றே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. கருவி வாங்குவதும் கவனிப்பதும் வேறுவேறு என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த உதாரணம் இல்லை.

ஆனால் சர்வர் விஷயத்தில் இந்த வாதம் பொருந்தாது. சர்வர் போகக்கூடிய முகவரிகளே ஏழெட்டு என்றால், உள்ளே மறையாக்கம் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டியதே இல்லை. தாக்குபவன் டெலிகிராம் வழியாகக் கட்டளை அனுப்பினாலும், கூகுள் டிரைவில் தரவைக் கொட்ட நினைத்தாலும், டாலி சர்வருக்கு டெலிகிராம் எதற்கு? மீதமிருக்கும் உண்மையான இடுக்கு டிஎன்எஸ். வெளியே போகும் எல்லா வழியையும் மூடினாலும், பெயரைக் கேட்டு முகவரி வாங்கும் கேள்விகள் அலுவலகத்தின் டிஎன்எஸ் சர்வர் மூலமாக வெளியே போய்வரும். அந்தக் கேள்விகளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தரவைக் கடத்தலாம். சோலார்விண்ட்ஸ் நிரலின் முதல் கட்டமே டிஎன்எஸ்தான். அதற்குத் தனியாக வேலை செய்ய வேண்டும்: எல்லாக் கணினிகளும் உள் டிஎன்எஸ் சர்வரை மட்டுமே கேட்க வேண்டும், அதன் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். ஊசி நுழையும் இடுக்கு இருக்கிறது என்பதற்காகக் கதவைக் கழற்றிவைப்பது எந்த ஊர் நியாயம்?

ஐபிவி6 பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் நாட்டில் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை இல்லை. பல இணையச் சேவையாளர்கள் இப்போது ஐபிவி6 முகவரிகளையும் கொடுக்கிறார்கள். பழைய முகவரிகளுக்கு அழகாக விதி எழுதிவிட்டு, புதியதற்கான பக்கத்தைத் திறந்தே பார்க்காத பெட்டிகள் ஏராளம். அரை மணி நேர வேலை. பாருங்கள்.

மூன்றாவது எதிர்வாதம் மாநாட்டு மேடைகளில் இருந்து வருவது: ஃபயர்வாலே செத்துவிட்டது, இனி ஸீரோ டிரஸ்ட்தான். ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் 2010இல் அந்தச் சொல்லைப் பரப்பினார். நிஸ்ட் 2020இல் அதற்கு விரிவான ஆவணம் போட்டது. அந்த ஆவணத்தின் கருவே, நெட்வொர்க்குக்குள் இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாதே என்பதுதான். எனி எனி அலோ என்ற வரியின் அர்த்தம் என்ன? உள்ளே இருக்கிறது, ஆகவே நம்புகிறேன். ஸீரோ டிரஸ்ட் பேசிக்கொண்டே அந்த வரியை வைத்திருப்பவர்களிடம் வாதாட எனக்குப் பொறுமை போதவில்லை.

இதை ஒட்டி, விலை உயர்ந்த பெட்டி வாங்கினால் சரியாகிவிடும் என்றொரு நம்பிக்கையும் உண்டு. 2024 ஏப்ரலில் பாலோ ஆல்டோவின் ஃபயர்வால் மென்பொருளிலேயே பத்துக்குப் பத்து தீவிரத்தில் ஓட்டை வெளிவந்தது. அதே மாதம் சிஸ்கோ ஏஎஸ்ஏ பெட்டிகளைக் குறிவைத்த உளவு நடவடிக்கையும் அம்பலமானது. சந்தையின் உச்சியில் இருக்கும் இரண்டு பெயர்கள். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைத்திருந்தால், பெட்டியே வாசல் ஆகிவிடும்.

உள்ளுக்குள் பிரிப்பதைப் பற்றி நம் நாட்டிலேயே அரசு வாயால் வந்த வாக்குமூலம் இருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேரால் பூட்டப்பட்டன. வாரக்கணக்கில் டாக்டர்கள் கையால் சீட்டு எழுதினார்கள். ஐந்து சர்வர்கள், ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. ஃபயர்வால் வாங்காததால் என்று சொல்லவில்லை. அதற்கு மாறான உதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு: 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகம் முதலில் மறுத்து, மறுநாளே ஒப்புக்கொண்டது. ஆலையைக் கட்டுப்படுத்தும் நெட்வொர்க் அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருப்பதால் பாதிப்பில்லை என்று சொன்னது. அந்தப் பிரிவினைதான் அன்று அதனிடம் இருந்த ஒரே தற்காப்பு வாதம்.

இத்தனைக்குப் பிறகும் பொதுக் கருத்து ஏன் அசையவில்லை? பணம் ஒரு காரணம். புதுப் பெட்டிக்கு பில் போடலாம், புது உரிமத்துக்கு பில் போடலாம். ஓர் ஆள் உட்கார்ந்து லாக் படித்து முப்பது வரி விதி எழுதியதற்கு யார் பில் போடுவது, யார் கொடுப்பது? மாதக் கடைசியில் வரும் அறிக்கை இன்னொரு காரணம். "இந்த மாதம் இத்தனை லட்சம் தாக்குதல் தடுக்கப்பட்டது" என்று வண்ணப்படத்தோடு வரும். அவற்றில் பெரும்பாலானவை இணையம் முழுக்க எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் தானியங்கித் தேடல்கள். எந்தப் பெட்டியை எங்கே வைத்தாலும் வந்து மோதும் இரைச்சல். முதலாளி அதைப் பார்த்து நிம்மதியடைகிறார். எனக்கு வேண்டிய எண் அந்த அறிக்கையில் இருப்பதே இல்லை: கணக்கு சர்வரில் இருந்து நள்ளிரவில் வெளியே போக முயன்று மறுக்கப்பட்டவை எத்தனை. இருக்கவும் முடியாது, மறுக்கவே விதி இல்லையே. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள். எதை? வெளியே இருந்து மோதித் திரும்பிய இரைச்சலை ஆறு மாதம் பத்திரமாகச் சேர்த்துவைத்து, அனுமதித்துப் போனவற்றுக்கு லாகே இல்லாமல்.

அடுத்த ஏஎம்சி தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை. உங்கள் கணக்கு சர்வரின் முன்னால் உட்கார்ந்து, பிரவுசரைத் திறந்து, ஏதாவது ஒரு சினிமாச் செய்தித் தளத்தின் முகவரியைத் தட்டுங்கள். பக்கம் திறந்தால், பெட்டி எந்த மாடல், உரிமம் எப்போது முடிகிறது என்றெல்லாம் விசாரிக்க வேண்டாம். விதிப் பட்டியலை அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் யார் கேட்டார்கள், எதற்காக என்று பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எனி எனி அலோவுக்கு நேரே அவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.